ரிவர்ஸ் கியரில் ஏறின மேடு

எங்க வூட்டு லாரிக்கு ஊர் வெச்ச பேரு கழுதை. மாரண்டஹள்ளி மண்டியில தக்காளி இறக்கிக்கிட்டு இருக்கிறவங்க கூட, அது ரெண்டு மைல் தள்ளி வரும்போதே, "கழுதை வருது, எடத்த விடு"ம்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். கழுதை எங்கியாச்சும் அப்படிக் கத்துமா? கழுதை விட்டு விட்டுக் கத்தும். எங்க லாரி ஒரே இழுப்பா, மூச்சே விடாம, தகரத்த ரம்பத்துல அறுக்கிற மாதிரி கத்தும். ரோட்டுல போற மத்த லாரிங்க எல்லாம் டக டக டகன்னு கெழவனுங்க மாதிரி இருமிக்கிட்டுப் போவும்போது, இது ஒண்ணுதான் வாயைத் தெறந்து கூப்பாடு போட்டுக்கிட்டே மேடு ஏறும். அந்தச் சத்தத்துக்கு என் அடிவயிறு அதிரும். ஒரு வயசுப் பொண்ணு இதையெல்லாம் வெளிய சொல்லலாமா? எம்பதுகள்ல சொல்லக்கூடாது. இப்ப சொல்றேன், யார் என்ன பண்ணப் போறாங்க.

எங்கியோ அணை கட்டறதுக்கு வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த வண்டி அது. வேலை முடிஞ்சதும் ஏலத்துல விட்டாங்க. எங்கப்பா அந்த ஏலத்துக்குப் போனது கெணத்துக்கு ஒரு தண்ணி மோட்டார் வாங்க. வந்தது லாரியோட. அம்மா மூணு நாள் அவருக்குச் சோறு மட்டும் போட்டாங்க, பேச்சு போடல. நாலாம் நாள் நூறு மூட்டை கடலைக்காயை ஏத்திக்கிட்டு எங்க ஊர் மேட்டை அது ஒரே மூச்சுல ஏறினதப் பாத்துட்டு, "சனியன், பலம் மட்டும் இருக்கு"ன்னாங்க. அம்மா வாயில அது பாராட்டு.

டூ ஸ்ட்ரோக் டீசல்னு அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்த இஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிச்சா, இது ஒவ்வொரு சுத்துக்கும் வெடிக்கும். அதான் அந்தச் சத்தம், அதான் அந்த இழுப்பு. ஒரே ஒரு கொறை, இஞ்சினை ஸ்டார்ட் பண்ற செல்ப் மோட்டார் செத்துப்போச்சு. அதுக்கு சாமான் சேலத்துலயும் இல்ல, பெங்களூர்லயும் இல்ல. அதனால லாரியை எப்பவும் மேட்டு மேலயே, எங்க வூட்டு வாசல்ல, மூஞ்சி பள்ளத்தைப் பாத்த மாதிரி நிறுத்துவாரு. சக்கரத்துக்கு ஒரு கல்லு. விடிஞ்சதும் அப்பா ஏறி உக்காந்து சத்தம் கொடுப்பாரு, "கல்லை எடுத்துட்டியா கண்ணு?" நான், "எடுத்துட்டேங்கப்பா, வுடுங்க"ம்பேன். லாரி உருளும், கிளட்சை விடுவாரு, கீழ ஓடைப் பாலத்துக்குப் போறதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிடும். கல் எடுக்கிற வேலையை நான் யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்ல.

ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை நேரத்துல, அப்பாவுக்கு மாத்தா லாரி ஓட்டற எங்க சித்தப்பா லோடு ஏத்திக்கிட்டு வந்தா போச்சு. சாமியார் பிரசங்கத்தை நிறுத்திட்டு, வண்டி போற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. சனமெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கும். நான் மட்டும், "மூணாம் கியர்ல இழுக்குது, இப்ப ரெண்டுக்கு மாத்தணும், மாத்துங்க சித்தப்பா, மாத்துங்க"ன்னு மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டு இருப்பேன். ஒரு தடவை, சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல, "பூசையில பராக்குங்க சாமி"ன்னேன். "எதைப் பத்தி மகளே?"ன்னாரு. யாரோ ஒரு பையன் பேரு வரும்னு காத்துக்கிட்டு இருந்தாரு போல. "லாரிங்க சாமி"ன்னேன். மூணு தடவை அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொல்லிட்டு அனுப்பிட்டாரு.

அந்த இஞ்சினுக்கு இன்னொரு கூத்து இருந்துச்சு. ஒரு நாள் மாந்தோப்புல, சித்தப்பா லாரியைப் பின்னால உருட்டி, முதல் கியர்ல கிளட்சை விட்டுட்டாரு. இஞ்சின் தலைகீழாச் சுத்தி ஸ்டார்ட் ஆயிடுச்சு! காத்து இழுக்கிற வாயில புகை வருது, முதல் கியர் போட்டா வண்டி பின்னால போவுது. பேய் புடிச்சிடுச்சுன்னு சித்தப்பா குதிச்சு ஓடிட்டாரு. சேலத்துல இருந்து வந்த மெக்கானிக் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. "டூ ஸ்ட்ரோக் எந்தப் பக்கம் சுத்தினாலும் ஓடும்ங்க. பின்னால உருட்டினா ரிவர்ஸ் கியர்ல போட்டு விடுங்க, சரியாச் சுத்தும்"ன்னாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "ஆனா தலைகீழா மட்டும் ஓட்டாதீங்க. ஆயில் பம்பும் தலைகீழாச் சுத்தும், ஆயில் மேல ஏறாது. பேரிங் எல்லாம் காஞ்சு புடிச்சுக்கும். அப்புறம் இதை இரும்புக்குத்தான் போடணும்"ன்னாரு. அதை நான் மறக்கல.

எனக்கு இருபத்தொண்ணு ஆவும்போது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருந்து ஒரு டிராயிங் மாஸ்டர் என்னைப் பொண்ணு பாக்க வந்தாரு. அம்மா முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு, "லாரி, கியர், டீசல், ஒரு வார்த்தை உன் வாயில வந்துச்சு, நாக்கை இழுத்து வெச்சுத் தைச்சிடுவேன்"ன்னு சொல்லிட்டாங்க. நான் காபித் தட்டோட நிக்கறேன். மாப்பிள்ளையோட அம்மா என்னை உச்சியில இருந்து பாதம் வரைக்கும் சல்லடை போட்டு சலிக்கறாங்க. அந்த நேரம் பாத்து கீழ ஓடைப் பாலத்துல சித்தப்பா லாரியோட வராரு. அந்தம்மா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, "மாதாவே, என்ன இழவு சத்தம் இது!"ன்னாங்க. மாஸ்டர் டம்ளரை வாய்கிட்ட கொண்டுபோனவரு அப்படியே நிறுத்திட்டாரு. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சாரு. எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "டூ ஸ்ட்ரோக்"ன்னாரு.

அவ்வளவுதான். நான் விழுந்துட்டேன். மூக்கு எப்படி, முடி எப்படின்னு பாத்தேனா? சத்தியமா இல்ல. தொப்பூர் கணவாய்ப் பக்கம் ரோட்டோரமா இருந்த வூட்டுல வளந்தவராம். சின்ன வயசுல படுத்துக்கிட்டே லாரி எண்ணினவராம். கட்டினா இவரைத்தான்னு மாதாகிட்ட ஒரு வண்டி மெழுகுவத்தி வேண்டிக்கிட்டேன்.

அந்தம்மாவுக்கு என்னைப் பிடிச்சும் பிடிக்காம இருந்துச்சு. தர்மபுரியில ஒரு நர்ஸ் பொண்ணு அவங்க கையில ரெடியா இருந்தது எனக்கும் தெரியும். எப்படியோ, கல்யாணத்தை உறுதி பண்ற ஓலை எழுத ஒரு ஞாயித்துக்கிழமை குறிச்சாங்க. எங்க ஊருக்கு பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான். அதை விட்டுட்டு மாப்பிள்ளை வூட்டுக்காரங்க இருபது பேரு மெயின் ரோட்டுல வெயில்ல நிக்கிறாங்கன்னு சேதி வந்துச்சு. வேற வழி? அப்பா லாரியை எடுத்தாரு. அம்மா சும்மா இருந்திருக்கலாம். "சம்பந்தி பாக்கற மாதிரியா போறது, வெறுங்காலோட?"ன்னு புதுத் தோல் செருப்பை எடுத்து மாட்டி விட்டாங்க. எங்கப்பா செருப்போட லாரி ஓட்டினதே இல்ல.

நான் பட்டுப்புடவை கட்டி, பாதித் தலைக்குப் பூ வெச்சுக்கிட்டு இருக்கேன். கீழ மேட்டுல வண்டி ஏற ஆரம்பிக்கிற சத்தம் கேக்குது. மூணு. ரெண்டு. அதுக்கப்புறம் ஒண்ணுக்கு மாத்தணும். மாத்துற எடத்துல சத்தம் நின்னு போச்சு. புதுச் செருப்பு பெடல்ல வழுக்கி, வண்டி முதல் கியரோடவே பின்னால உருண்டிருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. திரும்ப சத்தம் வந்துச்சு. ஆனா வேற சத்தம். சளி புடிச்ச தொண்டையில கத்தற மாதிரி ஒரு சத்தம், அதுவும் தூரமா போய்க்கிட்டே. ஓடையில ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த கன்னடக்காரம்மா, "அய்யோ, ஹிந்தே ஹோகுத்தல்லப்பா!"ன்னு பின்னால போற வண்டியைப் பாத்துக் கூவறது எங்க வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

பூ ஒரு பக்கம் தொங்க ஓடினேன். "அடியே, பொண்ணு இப்படியா ஓடும், மானம் போச்சு!"ன்னு அம்மா கத்தினாங்க. கேழ்வரகுக் காட்டுல குறுக்க விழுந்து ஓடைப் பாலத்துக்கு வந்து நின்னேன்.

லாரி பாலத்து மேல நிக்குது. காத்து இழுக்கிற வாயில குபுகுபுன்னு கரும்புகை. ஆம்பளைங்க எல்லாம் குதிச்சு இறங்கிட்டாங்க. முன்னால, அப்பா பக்கத்துல, அந்தம்மா தாம்பாளத்தை மடியில வெச்சுக்கிட்டு மூஞ்சி செவக்க உக்காந்திருக்காங்க. "பொண்ணு வூட்டுக்குப் பொறப்பட்டு வந்த வண்டி பின்னால போச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

"சம்பந்திம்மா, இறங்கி ஒரு நாலு எட்டு நடந்தீங்கன்னா வூடு வந்துடுங்க" அப்பா கெஞ்சறாரு.

"பையனைப் பெத்தவ நடுவழியில இறங்கினா சம்பந்தம் நடுவழியில நிக்கும். எங்க பக்கம் அந்த வழக்கம் கிடையாது. வண்டி முன்னால போனா வரேன். இல்லைன்னா இறங்கி நேரா பஸ்ஸுக்குத்தான் போவேன்."

கூட்டத்துல ஒரு புத்திசாலி, "வண்டியைத் திருப்பி நிறுத்துங்க, பின்னாலயே ஏறிடலாம்"ன்னான். "முதுகைக் காட்டிக்கிட்டு சம்பந்தி வாசல்ல போய் நிக்கச் சொல்றியாடா?"ன்னு அந்தம்மா கேட்டதுல அவன் கூட்டத்துக்குப் பின்னால போயிட்டான்.

அப்பா கை, இஞ்சினை நிறுத்துற கம்பி மேல இருக்கு. இழுக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல. எனக்குப் புரிஞ்சு போச்சு. நிறுத்தினா லாரி பொழைச்சுக்கும். ஆனா அந்த எடம் தரை மட்டம், உருட்ட பள்ளம் இல்ல, தள்ளி ஸ்டார்ட் பண்ற கனமும் இல்ல அது, செல்ப் இல்ல. லாரி அங்கியே நிக்கும், அந்தம்மா பஸ்ஸுக்குப் போயிடுவாங்க. நிறுத்தாம மேல ஏத்தினா நான் கட்டிக்குவேன், லாரி செத்துடும். வாயைத் தெறக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னது நெனப்புல இருக்கத்தான் இருந்துச்சு. தெறந்தேன்.

"அப்பா, இஞ்சின் தலைகீழா ஓடுது. ரிவர்ஸ் கியர் போடுங்க. முன்னால போவும்."

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. கட்டின பட்டுல கேழ்வரகுத் தாளு ஒட்டிக்கிட்டு இருக்கு.

அப்பா குரலை எறக்கி, "ஆயில் ஏறாது கண்ணு"ன்னாரு.

"தெரியுங்கப்பா."

அவரு என்னையே ஒரு நொடி பாத்தாரு. அப்புறம் புதுச் செருப்பைக் கழட்டி ஓடையில வீசினாரு. ரிவர்ஸ் கியரைப் போட்டாரு.

அதுக்குள்ள டிராயிங் மாஸ்டர் பாலத்துல இருந்து கீழ குதிச்சு ஓடைக்குள்ள இருந்து ஒரு பெரிய கல்லைத் தூக்கிட்டாரு. "போங்க மாமா. நின்னா நான் கல்லைப் போடறேன்"ன்னாரு. வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. என் வேலையை அவரு எடுத்துக்கிட்டாரு, எனக்குக் கோவமே வரல.

ரிவர்ஸ் கியர்ல, முன்னால பாத்து, எங்க லாரி மேடு ஏறுச்சு. புகை மூஞ்சியில அடிக்க, அந்தம்மா தாம்பாளத்தை இறுக்கிக்கிட்டு, "மரியே மரியே"ன்னு கத்தறாங்க. நான் படி மேல தொத்திக்கிட்டு காதைக் கொடுத்துக் கேட்டுக்கிட்டே வந்தேன். பாதி மேடு வரைக்கும் சரியா இருந்துச்சு. அப்புறம் உள்ள டொக்குன்னு ஒண்ணு. அப்புறம் டொக் டொக். அப்பாவும் கேட்டாரு. காலை எடுக்கல. வாசல்ல அம்மா ஆரத்தித் தட்டோட நிக்கிற எடத்துல, மூஞ்சியை நேரா காட்டிக்கிட்டு லாரி வந்து நின்னுச்சு. அப்பா கம்பியை இழுக்கல. அதுவா ஒரு கிறீச்சுச் சத்தத்தோட நின்னு போச்சு.

"அப்பாடா, காது பொழைச்சுது"ன்னு அந்தம்மா இறங்கினாங்க.

"என்ன மாமா ஆச்சு?"ன்னு அவரு கேட்டாரு. கையில இன்னும் கல்லு.

"ஒண்ணுமில்லைங்க மாப்பிள்ளை, சூடாயிடுச்சு"ன்னாரு அப்பா. மாப்பிள்ளைங்கற வார்த்தையை அன்னைக்குத்தான் மொதல் தடவை சொன்னாரு. மாஸ்டர் அந்தக் கல்லைக் கொண்டுபோய் சக்கரத்துக்கு அடியில வெச்சாரு. இஞ்சின் இறுகிப்போன அந்த வண்டிச் சக்கரத்துக்கு இனிமே கல்லு வேண்டாம்னு எங்க மூணு பேருக்கும் தெரியும்.

ஓலை எழுதியாச்சு. அத்தை, அதான் அந்தம்மா, கடைசி வரைக்கும் இதை ஊர் பூரா பெருமையாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "என் மருமவ சத்தத்தைக் கேட்டே சொல்லிடுவா"ன்னு, தெருவுல யார் வூட்டு மிக்ஸி நின்னாலும் என்னைத்தான் இழுத்துக்கிட்டுப் போவாங்க. சண்டைன்னு வந்துட்டா மட்டும், "ரிவர்ஸ்ல வந்த சம்பந்தம் வேற எப்படி இருக்கும்?"

கல்யாணத்தன்னைக்கு சீர் சாமானையும் என்னையும் ஏத்திக்கிட்டுப் போக வாடகை லாரி ஒண்ணு வந்துச்சு. புது வண்டி. டக டக டகன்னு மரியாதையா வந்து நின்னுச்சு. பக்கத்துல எங்க லாரி, டயர்ல காத்து எறங்கி, கல்லு மேல சாஞ்சுக்கிட்டு நிக்குது. மறு வாரம் இரும்புக்கடைக்காரன் வரான். எனக்கு ஓன்னு அழுகை வந்துடுச்சு. பொம்பளைங்க எல்லாம், "பொறந்த வூட்டை விட்டுப் போறா, பாவம்"னு அவங்களும் மூக்கைச் சிந்தினாங்க. இவரு மட்டும் காதுகிட்ட குனிஞ்சு, "ஃபோர் ஸ்ட்ரோக்"ன்னாரு. அழுகைக்கு நடுவுல சிரிச்சுத் தொலைச்சேன்.

நான் ஏறி உக்காந்துட்டேன். டிரைவர் சாவியைத் திருப்பினான், உடனே ஸ்டார்ட் ஆயிடுச்சு. அப்பா எங்க லாரி பக்கத்துல, பானெட் மேல கையை வெச்சுக்கிட்டு, எங்கியோ பாத்துக்கிட்டு நின்னாரு. வண்டி அசையற நேரத்துல, பழக்க தோசம், சத்தமா கேட்டாரு.

"கல்லை எடுத்துட்டியா கண்ணு?"

சனமெல்லாம் அவரைத் திரும்பிப் பாத்துச்சு.

"எடுத்துட்டேங்கப்பா"ன்னேன். "வுடுங்க."