மூன்று நொடி ரிலே

காதுக்குப் போகிற சாமானைப் பழுது பார்க்கிறவன் வாயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நான் வாயாலேயே வளர்ந்தவன். உங்களில் பலரும் அப்படித்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. நானும் சேதுவும் ஒரே மில்லில் வேலை நிறுத்தம் செய்து ஒரே நாளில் வெளியே வந்தவர்கள். எனக்குப் படிப்பு என்பது சங்கம் அச்சடித்த துண்டறிக்கைதான். எங்களோடு கொடி பிடித்த பலர் இப்போது காண்ட்ராக்ட் எடுக்கிறார்கள். நாங்கள் ஈயம் பற்றவைக்கிறோம்.

பெட்டிக்குள் என்ன

ஸ்டெல்லா டீச்சர் கே.கே. நகரிலிருந்து வருவார். மிஷன் பள்ளியில் பாட்டு வகுப்பு எடுக்கிறவர். பிள்ளைகளின் கோரஸைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டு, சுருதி விலகிய இடத்தைக் குறித்துக்கொள்வார். ஹெட்போனுக்கான அவருடைய சின்ன ஆம்ப்ளிஃபையரில் இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்டது.

மூடியைக் கழற்றி விளக்க ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு வருவதில்லை, வெறும் எண்கள்தான் வருகின்றன. இந்தச் சிப் அவற்றை வரிசையாகப் படித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வோல்டேஜ் வைக்கிறது. எப்போது படிக்க வேண்டும் என்று அந்தக் கிரிஸ்டல் தாளம் தட்டுகிறது. வோல்டேஜ் படிக்கட்டு மாதிரி வரும். பக்கத்தில் இருக்கும் ஃபில்டர் அதைத் தேய்த்து அலையாக்கும். அந்த அலைக்கு ஹெட்போனை அசைக்கத் தெம்பு போதாது. ஆம்ப்ளிஃபையர் தெம்பு கொடுக்கும். கடைசியில் ஒரு ரிலே. மின்சாரம் நிதானத்துக்கு வரும்வரை மூன்று நொடி கதவைச் சாத்தி வைத்திருந்து, பிறகுதான் காதுக்குத் திறந்துவிடும்.

அரை மணி நேரம் ஆகிவிட்டது. டீச்சர் சொன்னார்: "ஒரு பக்கம் கேக்கலன்னு கொண்டாந்தேன். நீங்க பொதுக்கூட்டமே போட்டுட்டீங்களேண்ணே."

அலங்காநல்லூர்க்காரர்

அதற்கு முந்தின மாதம் அலங்காநல்லூர்க்காரர் ஒருவர் இதே மாதிரிப் பெட்டியோடு வந்திருந்தார். பழுது எதுவும் இல்லை. அந்த மூன்று நொடிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "சுவிட்சப் போட்டா செத்துல்ல கிடக்கு. வாடிவாசல்ல நிக்கிற மாதிரி நின்னுக்கிட்டே இருக்கணுமா?" என்றார்.

'பொறுங்கள்' என்ற சொல்லை அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு எனக்கு அது ஆகாது. ரிலேயின் இரண்டு கால்களை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டேன், இனி அந்தக் கதவு சாத்தாது. சுவிட்சைப் போட்டதும் பாட்டு வந்தது. அவர் சுவிட்சைப் போட்ட பிறகே ஹெட்போனை மாட்டுகிறவர், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சேதுவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்: "மாப்ள, ஒங்க அண்ணன் கையி கையி இல்ல, மந்திரம்."

துண்டுக் கம்பி

டீச்சரின் பெட்டியில் ரிலேதான் கோளாறு. உள்ளே கரி பிடித்திருந்தது. புது ரிலே வர நான்கு நாள் ஆகும். சனிக்கிழமை பள்ளி விழா, டீச்சருக்கு அவசரம். மறுபடியும் ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, இடது பக்கத்தை இணைத்துவிட்டேன்.

சேது மட்டும் சொன்னான்: "நாலு நாள்தானண்ணே. கேட்டா பொறுத்துக்குவாங்க." நான் அவரிடம் கேட்கவே இல்லை.

தொலைபேசி

பத்து நாள் கழித்து டீச்சர் பேசினார். சுவிட்சைப் போடும்போது காதில் 'டப்' என்று அடிக்கிறது, இடது காதில் ஓயாமல் ரீங்காரம் கேட்கிறது என்றார். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போடுகிறவர். அதையாவது நான் விசாரித்திருக்க வேண்டும். என் வேலையில் குறை என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெட்டி சுத்தமாக இருக்கிறது, உங்கள் காதிலும் கோளாறில்லை, ஹெட்போன் பழசு என்று தீர்ப்புச் சொன்னேன்.

டீச்சர் சொன்னார்: "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்ணே. புதுசு ஒண்ணு வாங்கிர்றேன்."

சேது வைத்த மீட்டர்

அன்று மாலையே சேது அதே மாதிரிப் பெட்டி ஒன்றில் ரிலேயைக் கம்பியால் இணைத்து, மீட்டரை வைத்துச் சுவிட்சைப் போட்டான். முள் ஒரே எட்டில் கடைசிக்குப் போய்த் திரும்பியது. அந்த அடி முழுவதும் டீச்சரின் காதில் விழுந்திருக்கிறது.

மில்லில் உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று நிர்வாகத்தார் மெஷினின் காப்பு மூடியைக் கழற்றினார்கள். ஒருவனுக்கு விரல் போனது. அதற்கு எதிராக நோட்டீஸ் எழுதியவன் நான். சேது அதை வீட்டுக்கு வீடு கொடுத்தவன். மீட்டரை அணைத்துவிட்டுக் கேட்டான்: "அன்னிக்கு மூடியக் கழட்டுனவன நாம என்ன பேரு சொல்லித் திட்டுனோம்ணே?"

கே.கே. நகர்

மறுநாளே போயிருக்க வேண்டும். புது ரிலே வரட்டும், கையோடு மாட்டிவிட்டுச் சொல்லலாம் என்றேன். ரிலே வந்தது. பிறகு மழை என்றேன், முழங்கால் வலி என்றேன். கடைசியில் போனேன். ரிலேயை மாட்டிக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன்.

டீச்சர் கோபப்படவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். பாட்டு வகுப்பை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாராம். இடது காதில் சுருதி பிடிபடவில்லையாம். புது ஹெட்போன் மேசை மேல் இருந்தது. பிறகு சொன்னார்: "ஒடனே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்னு டாக்டரு சொல்றாருண்ணே. காதுல ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னீங்களேன்னு நான் போகல."

ஊரில் உள்ள முதலாளிகளையெல்லாம் தப்பை ஒப்புக்கொள்ளச் சொல்லி முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்திய எனக்கு, என் முறை வந்தபோது மூன்று வாரம் அவகாசம் தேவைப்பட்டது.