அபாயாக் கைக்குள் இங்கிலீசு

தையற்காரிக்கு அளவுநாடா போதும், வாய் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போதும் ஒரு அபாயாவின், அதுதான் நம்மட பொம்பிளைகள் உடுப்புக்கு மேலே போடுகிற கறுப்பு அங்கியின், கைக்கு மணி தைத்துக்கொண்டு, இடைக்கிடை ஊசியை வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் மெசினோடு மல்லுக்கட்டும் சகோதரிமாரே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

எல்லாத்துக்கும் யெஸ்

லண்டனில் கடை வைத்திருக்கும் நம்மட ஊர்க்காரரின் பிள்ளை ஒருத்தி, இருபது அபாயா தைக்கக் கேட்டுக் கோல் எடுத்தா. அங்கேயே பிறந்தவ, தமிழ் வராது. நான் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவள். வெட்கத்தில் போனைப் புருஷனிடம் நீட்டிவிட்டேன். அவர் எல்லாத்துக்கும் "யெஸ்" சொன்னார். என்ன கேட்டா என்றேன்.

"ஆருக்குத் தெரியும் புள்ள? கடைசி மட்டுந்தான் விளங்கின. சனிக்கிழமை திரும்ப எடுப்பாவாம், தைக்கிற ஆள்தான் கதைக்கணுமாம், இல்லாட்டி ஓடர் இல்லையாம்."

கறுப்புத் துணியே கரும்பலகை

அன்றே தொடங்கினேன். மகளின் அகராதியில் தையலுக்குத் தோதான பெரிய சொல்லாகத் தேடி, வெட்டிய கறுப்புத் துணியின் உட்பக்கத்தில் சோக்கால் எழுதுவேன். தைத்து முடிய, சொல் மனதில் நின்றுவிடும், சோக்கைத் தட்டிவிடுவேன்.

ஒன்றைத் தட்ட மறந்துபோனேன். அது ஒரு ரீச்சரின் அபாயா. பள்ளிக்கூடத்தில் ளுஹர் தொழுகைக்கு வுழூ எடுக்க, முழங்கை வரை கழுவவென்று கையை மடித்தாவாம், உள்ளே வெள்ளையாக "மெட்டிகுலஸ்"! நுணுக்கமாக, ஒன்றும் தவறாமல் செய்கிற ஆள் என்று அர்த்தம். மறுநாள் வாசலில் வந்து நின்றா. எனக்கு மெசினுக்குக் கீழே பூந்துவிடலாம் போலிருந்தது. கையைப் புரட்டிக் காட்டிக் கேட்டா:

"எழுத்து ஒண்டும் பிழையில்ல. அப்ப மத்தக் கைக்கு ஏன் எழுதல்ல?"

மாமிக்கும் ஒன்று

கதை தெருவெல்லாம் பரவியது. "புள்ள பெத்த பிறகு இவளுக்கு இங்கிலீசு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த என் மாமி, என் புருஷனைப் பெத்தவ, நேற்றுத் தன் புதுத் துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தா.

"எனக்கும் ஒண்டு எழுது மகள். சின்னச் சொல் வேணா, முழங்கை வரைக்கும் வாற சொல்லாப் பாத்து எழுது."

இன்று சனிக்கிழமை. பதினெட்டுச் சொல் கைவசம்! "எக்ஸ்குவிசிட்", அதாவது மிக நேர்த்தி, என்று காலையிலிருந்து நான் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறதைக் கேட்டுத் தொட்டில் பிள்ளையே சிரிக்குது. ஆக மொத்தம், பதினெட்டுப் பெரிய சொல்லை வாயில் வைத்துக்கொண்டு ஒரு ஹலோவுக்கு நடுங்குகிற தையற்காரி ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று எழுதி முடிக்கப் போக, "புள்ள, லண்டன் அடிக்குது! நான் தொடவும் மாட்டன், நீயே எடு!" என்று அவர் கத்துகிறார், ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நானே எடுக்கிறேன், மிச்சம் பிறகு...