தந்திக்குக் கையெழுத்துப் போட்டவர்

போரில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டப்போவதாகச் சொல்லி, எங்கள் ஊர்ப் பள்ளியில் பட்டியல் வாசித்தார்கள். எழுபத்தொன்று போரில் இறந்துபோன சின்னத் தாத்தாவின் பெயர் அதில் இல்லை. “ஆதாரம் கொண்டாங்க, சேத்துடலாம்” என்றார் தலைமையாசிரியர். சின்னத் தாத்தாவின் ராணுவப் பதிவேட்டை எடுக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

எட்டு மாதம். ஆலங்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ்ஸில் அலைந்தேன். முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் கொடுத்த மூன்று மனுவுக்கும் ஒரே பதில்: அந்தப் பெயரில் யாருமில்லை. செத்தவரை இல்லவே இல்லை என்று எழுத எப்படித்தான் கை வருகிறதோ என்று கொதித்தேன். சின்னத் தாத்தாவின் அண்ணன்தான் என் தாத்தா. சாயங்காலமானால் கேட்பார்: “என்னாத்தா, கெடச்சுச்சா?”

கடைசியில் பெயரை விட்டுவிட்டு, ஊரையும் அவர்களுடைய அப்பா பெயரையும் மட்டும் எழுதிக் கேட்டேன். நகல் வந்தது. ஊர் சரி, அப்பா பெயர் சரி, வருடமும் சரி. செத்தவர் பெயர் மட்டும் என் தாத்தாவுடையது.

அவர் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்.

“தாத்தா, நீங்க செத்துட்டீங்களாம்.”

நிமிரவே இல்லை. “அவனுக்கு வயசு பத்தல. எஞ் சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டுப் போயி பட்டாளத்துல சேந்துட்டான். நான் செத்துட்டேன்னு தந்தி வந்துச்சு. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன்.”

“அப்பறம் எதுக்குத் தெனமும் கெடச்சுச்சான்னு கேட்டீங்க?”

“கெடச்சுருமோன்னுதான். ஆள் மாறாட்டம்னு புடிச்சா?”

“செத்தவரையா புடிப்பாங்க?”

“இருக்குறவனப் புடிப்பாங்கள்ல.”

பள்ளிக்கு ஓடினேன். “ரெக்கார்டுல உள்ள பேரத்தாம்மா வெட்ட முடியும்” என்று தலைமையாசிரியர் கையை விரித்தார். திரும்பி வந்து சொன்னால், “வெட்டிட்டுப் போறாங்க, விடுத்தா” என்கிறார் தாத்தா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து கடலை தின்கிறவருக்குக் கல். போய்ச் செத்தவருக்கு ஒன்றுமில்லை!

நகலை மறுபடி பிரித்தேன். அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. தாத்தாவின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இரண்டு புருவத்திலும் ஒரு கீறல்கூட இல்லை.

“அது நான் எறிஞ்ச கல்லு” என்றார். குரல் இறங்கிவிட்டது.

அதற்கெல்லாம் நான் மசியவில்லை. திங்கட்கிழமை புதுக்கோட்டையில் நோட்டரி முன்னால் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும்: நான் உயிரோடிருக்கிறேன், செத்தது என் தம்பி. வர மாட்டாராம். அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டேன். தந்திக்குப் போட்ட கைதானே, இதற்கும் போடட்டும்.