பெட்டிக்குப் போட்ட பாதை

ஹார்னக்கா என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆளைப் பார்க்காதவர்கள்கூடக் குரலைக் கேட்டிருப்பார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய புருஷன்தான். அவர் பஸ் டிரைவர். "நாள் பூரா ரோட்டுல ஹார்ன் அடிச்சுட்டு வீட்டுக்கு வந்தா, இங்கயும் ஒரு ஹார்ன்" என்று கல்யாணமான புதிதில் வாசலில் நின்று சொன்னார். அது பக்கத்து வீட்டில் கேட்டு, அங்கிருந்து மளிகைக் கடைக்குப் போய், தெருவுக்கே பொதுச்சொத்தாகிவிட்டது. அவளுக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேலை முடிந்து செருப்பைக் கழற்றும்போதே "ஹார்ன், டீ கிடைக்குமா?" என்று அவர் கேட்கிற தோரணையில் ஒரு பிரியம் இருக்கும். அதற்காகவே சாயங்காலம் காத்திருந்தாள். இதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை, நாமும் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

அவள் தையல்காரி. முன் அறையில் ஜன்னலை ஒட்டி மிஷின். ஒரு காலத்தில் ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிபார்ம் என்று தைத்தவள், இப்போது லாட்ஜ்களுக்குக் கர்ட்டனும் தலையணை உறையும் தைக்கிறாள். அதற்குக் காரணம் பாரம்பரியச் சுற்றுலாத் திட்டம். ஊரின் பழைய தெருக்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரவேண்டும் என்று முடிவாகி, இவர்கள் தெரு முனையில் "பாரம்பரிய வீதி" என்று பலகை நட்டார்கள். சாக்கடையை மூடினார்கள். விளக்குப் போட்டார்கள். பாதி வீடுகள் லாட்ஜ் ஆயின. அத்தனை ஜன்னலுக்கும் கர்ட்டன் வேண்டியிருந்தது, கர்ட்டனுக்கு ஹார்னக்கா வேண்டியிருந்தது. இந்த நல்லதெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தாரைப் பெயர்த்துவிட்டு, பழைய காலத்துத் தோற்றம் வரவேண்டும் என்று தெரு முழுக்க உருண்டைக் கற்களைப் பதித்தார்களே, அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

மன்னிக்காததற்கு நியாயம் இருந்தது. கல் பதித்து முடிந்த கொஞ்ச நாளில் டிரைவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்குப் பழுதில்லை. வெளியூரில் இருக்கும் மகள் சக்கர நாற்காலி வாங்கி அனுப்பினாள். அதில் உட்கார்ந்த முதல் நாள் அவர், "பவர் ஸ்டியரிங் இல்ல, பரவாயில்ல" என்றுதான் சொன்னார். வாசலைத் தாண்டி ஒரு வண்டி நீளம்கூடப் போயிருக்காது. முன் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அவள் பின்னாலிருந்து அழுத்தித் தள்ள, மனிதர் அப்படியே முன்னால் குப்புற விழுந்தார். சுற்றிப்பார்க்க வந்த கூட்டம் ஒன்று ஓடி வந்து தூக்கியது. அதில் ஒருவன் கழுத்தில் கேமரா. அவன் படம் எடுத்தானோ இல்லையோ, டிரைவர் மனதில் அந்தப் படம் விழுந்துவிட்டது.

அன்றோடு சரி. வாசல் பக்கம் திரும்பவில்லை. எத்தனையோ ஆயிரம் பேரை உட்காரவைத்து மலைப்பாதையில் ஓட்டிய மனிதர், கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பேச்சு கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகச் சுருங்கி, "ம்", "வேண்டாம்" என்ற இரண்டு வார்த்தையில் வந்து நின்றது. டீயைக் கொண்டுபோய் வைத்தால் குடிப்பார். கேட்கமாட்டார். ஹார்ன் என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. அந்த வீட்டில் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது அதுதான். நாற்காலியை மடக்க வராமல் மிஷினுக்குப் பின்னால் நிறுத்திவைத்தாள். அதன்மேல் கர்ட்டன் துணியை அடுக்கினாள். நாளடைவில் அது நாற்காலி என்பதே மறந்து துணி ஸ்டாண்டு ஆகிவிட்டது.

மகள் போனில் ஒரே பாட்டுப் பாடினாள். "அம்மா, அந்த வீட்டைக் கொடுத்துட்டு இங்க வந்துடுங்க. இங்க லிப்ட் இருக்கு."

"லிப்ட்ல ஏறி எங்கடி போறது? மாடிக்கும் கீழுக்குமா?" என்று அதட்டி வைத்துவிடுவாள். வைத்தபின் கட்டிலைப் பார்ப்பாள். இன்னும் கொஞ்ச நாள் இவர் இப்படியே கிடந்தால் மகள் சொல்வதைத்தான் கேட்க வேண்டியிருக்கும் என்று தோன்றும்.

இந்த லட்சணத்தில் பெட்டிகள் வேறு. வருகிறவன் போகிறவன் எல்லாம் சக்கரம் வைத்த பெட்டியைக் கல்மேல் இழுத்துக்கொண்டு போவான். விடிகாலை வண்டியைப் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் போடும் கடகடவில் ஜன்னல் கம்பியே அதிரும். தூக்கமும் போய், மனநிம்மதியும் போய், திட்ட ஆபீசர் தெருக்காரர்களைக் கூட்டி வைத்துக் குறை கேட்ட அன்று ஹார்னக்கா எழுந்து நின்றாள். மைக் கொடுத்தார்கள். அவளுக்கு எதற்கு மைக்?

"வர்றவங்க பெட்டியைத் தலையில தூக்கிட்டு வரட்டும். இல்லேன்னா வராம இருக்கட்டும்!"

ஆபீசர் சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சத்தம் வராம இருக்க ஒரு வழி இருக்குக்கா. தெரு நடுவுல வழவழப்பான பலகைக்கல் வரிசையாப் போட்டுடறோம். பெட்டி அதுமேல ஓடிடும்" என்றாள்.

ஹார்னக்கா காதில் விழுந்தது வேறு: பெட்டிக்காரர்களுக்கு ராஜபாட்டை போடுகிறார்கள். "அப்படியா? விழுந்த மனுஷனுக்கு ஒரு வழி இல்ல, பெட்டிக்கு வழியா? என் வீட்டு முன்னால ஒரு கல்லு விழக்கூடாது. சொல்லிட்டேன்."

ஆபீசர் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஹார்னக்கா விட்டால்தானே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

வேலைக்கு வந்த மேஸ்திரி வம்புதும்புக்குப் போகாத மனிதர். மேல்கோடியிலிருந்து பலகைக்கல்லை வரிசையாகப் பதித்துக்கொண்டே வந்தார். ஹார்னக்கா வீடு வந்ததும் நிறுத்தினார். அவள் வீட்டு அகலத்துக்கு விட்டுவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். சிரித்த வாயில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. தெருக்காரர்கள் அதற்கு "ஹார்ன் ஸ்டாப்" என்று பெயர் வைத்தார்கள். பெட்டிகள் தெரு நெடுக ஓசையில்லாமல் வந்து, சரியாக அவள் ஜன்னலுக்கு நேரே மட்டும் கடகடவென்று கத்திவிட்டுப் போயின. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தாலும், ஊருக்கு முன்னால் ஒப்புக்கொள்வாளா? பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு தைத்தாள்.

மேல்கோடி லாட்ஜுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று முடிந்தது. கனத்த துணி, மூட்டை மூட்டையாக. எப்போதும் இரண்டு நடை நடப்பாள். அன்று தோள்பட்டை வலி. மிஷினுக்குப் பின்னால் துணி சுமந்து நின்ற நாற்காலி கண்ணில் பட்டது. அதன்மேலேயே எல்லா மூட்டையையும் ஏற்றிக் கட்டி, வாசலில் இறக்கினாள். தன் வீட்டு முன்னாலிருந்த கற்களில் அது குதித்தது, முரண்டு பிடித்தது, திட்டும் வாங்கியது. ஒருவழியாக இழுத்துப் பலகைக்கல்லில் ஏற்றினாள்.

ஏற்றினதும் நாற்காலி தானாக நழுவிப் போனது. அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள். ஓடியது. இத்தனை கனத்தோடு, சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடியது.

நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் பெட்டியோடு வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். "அடிப் பாவி" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவளுக்கு மட்டுமே கேட்கும் குரலில் வந்தது.

மூட்டைகளை லாட்ஜில் போட்டுவிட்டு, காலி நாற்காலியோடு ஓடாத குறையாக வந்து கட்டிலருகே நிறுத்தினாள். "என்னங்க, எழுந்திரிங்க. வெளிய ரோடு போட்டிருக்கான். தார் ரோடு தோத்துப்போகும்."

அவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "நம்ம வாசல்லதான் ரோடு இல்லையே."

பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம். அது நெஞ்சில் போய்க் குத்தியது. அவர் விழுந்த இடத்தில்தான் பலகைக்கல் இல்லை. அங்கே வேண்டாம் என்று கத்தியதும் அவள்தான்.

மறுநாள் திட்ட ஆபீசில் போய் நின்றாள். என்ன பேசுவது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்ததெல்லாம் ஆபீசரைப் பார்த்ததும் பறந்துவிட்டது. "ஆபீசரம்மா, எங்க வீட்டு முன்னாலயும் போட்டுடுங்க. நான் புரியாம கத்திட்டேன். அவரு வெளிய வரணும்" என்றாள்.

ஆபீசர் எழுந்து வந்து நாற்காலி போட்டாள். குத்திக்காட்டவில்லை. "அன்னைக்கு நான் சொல்ல வந்ததே அதுதான்க்கா. பெட்டிக்குன்னு கேட்டாத்தான் மேல பணம் ஒதுக்குவாங்க. உங்க வீட்டுக்காரர் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நான் பெட்டிக்குன்னு எழுதினேன்" என்றாள்.

ஹார்னக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "ரொம்ப நன்றிம்மா" என்றாள். பழக்கதோஷத்தில் அது முழுக் குரலில் வந்து, பக்கத்து மேஜைக்காரர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

மேஸ்திரி பக்கத்து ஊர் வேலைக்குப் போயிருந்தார், வந்ததும் அனுப்புவதாகச் சொன்னாள் ஆபீசர். அதுவரை காத்திருக்க ஹார்னக்காவால் முடியுமா? அன்று சாயங்காலமே டிரைவரைக் கெஞ்சி, மிரட்டி, கடைசியில் அழுது நாற்காலியில் உட்காரவைத்தாள். வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போது பெட்டிகளோடு ஒரு வெளியூர்ப் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். இடைவெளியில் பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பாஷை தெரியாது. அந்த மனிதர் கையைக் காட்டி 'தூக்கவா?' என்பது போலக் கேட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாற்காலியோடு டிரைவரைத் தூக்கிப் பலகைக்கல்லில் வைத்தார்கள். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர்களையா பெட்டியைத் தலையில் தூக்கச் சொன்னோம் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவள் மெல்லத் தள்ளினாள். டிரைவரின் வலது கை நாற்காலியின் கைப்பிடியைக் கியர் மாற்றுகிற மாதிரி தடவிக்கொண்டே வந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் யாராவது தூக்கிவிட்டார்கள். பெட்டிக்காரர்கள், லாட்ஜ்காரர், ஒரு நாள் கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவன்கூட. மேஸ்திரி வந்ததும் ஹார்ன் ஸ்டாப்பை மூடினார். யாரும் கேட்காமலே வாசற்படிக்கும் ஒரு சரிவு கட்டி, அங்கிருந்து பாதைவரை பலகைக்கல் போட்டுக் கொடுத்தார். அவள் டீயோடு நின்றபோது, "அக்கா, அன்னைக்கு இதுக்கு வந்த கல்லை வேற எங்கயும் போடல. தனியாத்தான் வச்சிருந்தேன். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்" என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஒரு விடிகாலை அவள் தானாகக் கண்விழித்தாள். கடகட இல்லை. அந்த நிசப்தம் கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. பிறகு பக்கத்தில் கை வைத்தாள். கட்டில் காலி. நாற்காலியும் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது.

கூந்தலை முடியக்கூடத் தோன்றாமல் தெருவில் ஓடினாள். விழுந்திருப்பாரோ? எங்கே? மேல்கோடியைப் பார்த்தாள். வெளுத்துவரும் வெளிச்சத்தில் டிரைவர் தனியாக வந்துகொண்டிருந்தார். வலது கையால் சக்கரத்தைத் தள்ளி, வலது காலால் தரையை உந்தி, கொஞ்சம் கோணலாக, ஆனால் பலகைக்கல்லை விட்டு இறங்காமல். அவருக்குப் பின்னால் பெட்டிகளோடு ஒரு சிறு கூட்டம். பஸ் நிலையத்துக்கு வழி தெரியாதவர்களை அவர் கூட்டிக்கொண்டு வருகிறார்.

அவள் பாதை நடுவிலேயே நின்றாள். "சொல்லாம கொள்ளாம எங்க போனீங்க? உயிரே போயிடுச்சு எனக்கு!" என்று தெருவே எழுந்திருக்கும்படி கத்தினாள். ஜன்னல்கள் திறந்தன.

டிரைவர் நிறுத்தவில்லை. நெருங்கி வந்து, வலது கையை ஜன்னல் வழியாக நீட்டுவது போல நீட்டி வழி கேட்டார்.

"பின்னால பாசஞ்சர் இருக்காங்க. ஓரமா நில்லு, ஹார்ன்."