அடிமை வேடத்துக்கு ஆள் தேவை

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் அமெரிக்காவின் கதையை நாடகமாகப் போட வேண்டும் என்று தலைவர் அண்ணை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். ஜெர்மனியில் எசன் நகரத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலத் தொண்டையைச் செருமினார். அவருடைய பூட்டனுக்குப் பூட்டன் வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய கல்லூரியில் படித்தவராம். "அந்த நாடு சுதந்திரம் எடுத்து அம்பது வருசம் ஆகேல்லை தங்கச்சி, அதுக்குள்ளை எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்க வந்திட்டாங்கள்" என்றார். தனக்கே படிப்பித்தது போல முகத்தில் ஒரு பெருமை.

ஆகவே அந்த வருடத்துக் கருப்பொருள் 'சுதந்திரத்தின் பிறப்பு'. கப்பலில் வந்து இறங்கியதில் தொடங்கி, உள்நாட்டுப் போருக்குச் சற்று முன்னால் நிறுத்திவிட வேண்டும். "சண்டை வேண்டாம். சனம் சண்டை பாத்துக் களைச்சுப்போச்சு" என்றார்.

எழுதும் பொறுப்பு என் மகளுக்கு. அவள் பீலெஃபெல்ட் நகரத்தில் கிம்னாசியம் என்கிற உயர்பள்ளி ஒன்றில் சரித்திரமும் ஆங்கிலமும் படிப்பிக்கிறாள். நானும் நெடுங்காலம் அங்கேதான் இருந்தேன். எசனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து வந்து அப்போது அதிக நாளாகவில்லை. மகள் உடனே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல. தலைவர் அண்ணையின் ஒரே மகனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. தாயில்லாமல், தகப்பன் சமைத்துப் போட்டு வளர்த்த பிள்ளை அவன். தகப்பனுடைய சம்மதத்தோடுதான் கட்டுவேன் என்று நின்றான். நாடகம் நன்றாக அமைந்தால் மனிதர் மனம் குளிர்ந்து போவார், அந்த நேரம் பார்த்துக் கேட்டுவிடலாம் என்பது இருவருடைய திட்டம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒத்திகையில் முதல் காட்சிக்கு ஒரு வில்லங்கமும் இல்லை. தங்கள் சமயத்தோடு நிம்மதியாக வாழ வேண்டும் என்று ஒரு கூட்டம் கப்பலேறி வருகிறது. கரையில் நின்ற பழங்குடிச் சனம் சந்திக்க நேரம் குறித்து டெர்மின் எடுத்தாயா என்று கேட்கவில்லை, விரல் அடையாளம் எடுக்கவில்லை, சோளம் விதைக்கச் சொல்லிக்கொடுக்கிறது. எங்கள் சனம் தாங்கள் வந்த நாட்களை நினைத்துக் கண் கலங்கியது. அடுத்த காட்சியில் வந்தவர்கள், சோறு போட்டவர்களையே காணியை விட்டுத் துரத்துகிறார்கள். அதற்கு ஒருவரும் கலங்கவில்லை. "இது கொஞ்சம் நீளமாக் கிடக்கு, வெட்டுங்கோ பிள்ளை" என்றார் தலைவர் அண்ணை.

சிக்கல் வேடம் பிரிக்கும்போதுதான் வந்தது. சுதந்திரப் பிரகடனத்தில் மனிதர் எல்லாரும் சமம் என்று இறகுப் பேனாவால் எழுதுகிற அந்தப் பெரிய மனிதர் வேடம் எல்லாத் தாய்மாருக்கும் தங்கள் பிள்ளைக்கே தேவைப்பட்டது. பஞ்சில் செய்த வெள்ளைத் தலைமுடிக்கு அடிபிடி. அந்தப் பெரிய மனிதர் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர் என்பதை மகள் மறைக்காமல் எழுதியிருந்தாள். அவருடைய சாப்பாட்டு அறையில் தட்டு வைத்த சுழல் கதவு ஒன்று இருந்ததாம். அந்தப் பக்கத்திலிருந்து சுற்றிவிட்டால் சாப்பாடு உள்ளே வரும், கொண்டுவந்தவரின் முகம் வராது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இதைவிட நல்ல தச்சுவேலை நான் கேள்விப்பட்டதில்லை.

அடிமைச் சந்தைக் காட்சிக்கு ஒரு பிள்ளைகூடக் கிடைக்கவில்லை. "என்ரை பிள்ளை ஏன் அடிமையா நிக்கவேணும்? எங்கடை ஆக்கள் ஊரிலை அப்பிடியே இருந்தவை?" என்று ஒரு தாய் கேட்டாள். தலைவர் அண்ணை கையைக் காட்டி அவளை அமர்த்தினார். "அதை என்னட்டை விடுங்கோ" என்றார்.

தேத்தண்ணி இடைவேளையில் அவர் ஒவ்வொரு பெற்றோராகப் போய்ப் பேசினார். பேச்சு என்ன, எங்கள் சனத்தின் அந்தப் பழைய விசாரணைதான். ஊர் எது? ஊரிலை எவடம்? எந்தக் கோயிலடி? கோயிலுக்கு முன்பக்கமோ, பின்பக்கமோ? சாதி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகளுக்கு அது ஏதோ பூமிசாத்திரப் பாடம் போலக் கேட்டிருக்கும். கடைசியில் என்னிடமும் வந்தார்.

"தங்கச்சி, நீங்கள் ஊரிலை எவடம்?"

நான் ஒளிக்கவில்லை. ஊரைச் சொன்னேன், எங்கள் சனத்தை ஒதுக்கி வைத்திருந்த பக்கமான குளத்துக்கு அங்காலை என்றும் சொன்னேன். "ஓ" என்றார். அந்த 'ஓ'வுக்குப் பிறகு நான் அவருக்குத் தங்கச்சியாக இருக்கவில்லை.

இடைவேளை முடிந்ததும் அடிமை வேடத்துக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எல்லாரும் என்னைப்போல ஏதோ ஒரு குளத்துக்கு அங்காலை, ஏதோ ஒரு கோயிலுக்குப் பின்பக்கம் உள்ளவர்கள். அமெரிக்காவின் சட்டம் ஒரு காலத்தில் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணியது என்று நாடகத்தில் ஒரு வரி இருந்தது. எங்கள் சங்கத்தில் சந்தா கட்டும்போது எல்லாரும் முழு ஆள்தான். மேடையேறும்போதுதான் பின்னம் வரும். படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்.

அன்று காரில் போகும்போது மகளுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "அப்ப எங்கடை கலியாணத்துக்கு அவர் ஓம் சொல்லமாட்டார், என்ன அம்மா?" என்று கேட்டாள். மாட்டார் என்றேன். பொய் சொல்லித் தேற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து குளியலறையில் நின்று அழுதேன்.

விழா நாளன்று அடிமை வேடப் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள், மற்றப் பெற்றோர் போனையே எடுக்கவில்லை. எவடம் என்று கேட்டவருக்கு மட்டுமா விளங்கும், சொன்னவர்களுக்கும் விளங்கும். மகள் சாக்குத் துணியைத் தானே சுற்றிக்கொண்டு ஏலப் பலகையில் ஏறித் தனியாக நின்றாள். முன்வரிசையில் தலைவர் அண்ணை, பக்கத்தில் நகரசபையிலிருந்து வந்த பிரதம விருந்தினர். நான் நாலாம் வரிசையில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தலைவர் அண்ணையின் மகன். அவன் எழும்பிப்போய் மேடையில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் நின்றான். ஏலம் கூறுகிற பிள்ளைக்கு இதற்கு வசனம் இல்லை. பஞ்சு முடியைச் சொறிந்துவிட்டு, "இந்த ரெண்டும் எவ்வளவு?" என்று கேட்டது. மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தகப்பனைப் பார்த்து, "இவளைத்தான் கட்டப்போறன் அப்பா" என்றான், தமிழிலும் பிறகு ஜெர்மனிலும்.

பிரதம விருந்தினர் அதையும் நாடகம் என்று நினைத்து எழும்பி நின்று கை தட்டினார். வெள்ளைக்காரன் எழும்பினால் எங்கள் சனம் எழும்பாமல் இருக்குமா? மண்டபம் முழுக்க எழும்பியது. தலைவர் அண்ணையும் எழும்பினார், தட்டினார். விருந்தினர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தியபோது அவர் பல்லைக் காட்டியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இவ்வளவு சனத்துக்கு முன்னால் வாழ்த்து வாங்கிய பிறகு ஏலாது என்று சொல்ல ஏலாது. அதுதான் அவருடைய சம்மதம்.

பதிவுத் திருமணம் முடிந்து எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. தலைவர் அண்ணை வந்தார், திருநீறு பூசி ஆசீர்வதித்தார், மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். நானே அவருக்குத் தட்டில் சோறும் கறியும் பாயாசமும் வைத்தேன். "எனக்கு வேண்டாம், சுகர்" என்றார். தண்ணீர் கொடுத்தேன், அதையும் தொடவில்லை. தண்ணீரில் என்ன சுகர்? அவர் பெருமைப்படுகிற அந்தக் கல்லூரியில் படித்த பெரிய வீட்டுப் பிள்ளைகள், பாதிரிமாரின் வளவில் சமைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்று பக்கத்து வளவில் தனியாகச் சமைக்கக் குசினி கட்டுவித்தார்களாம். மகள்தான் எங்கோ வாசித்துச் சொன்னாள். கணக்கும் ஆங்கிலமும் வானசாத்திரமும் உள்ளே போயின, சோறு மட்டும் போகவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தால் மகளுடைய நாள் கெட்டுவிடும் என்று நின்றேன். அப்போது அவருடைய மகன் தன் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்திருந்தான். தகப்பனுக்கு முன்னால் இருந்த தட்டை மெல்லத் தன்பக்கம் இழுத்தான். குழைத்து, ஒவ்வொரு பிடியாக, அவசரப்படாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டான். பிறகு அவருடைய தண்ணீரையும் எடுத்துக் குடித்தான். தகப்பன் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இன்னொரு தட்டு வைக்கவில்லை.