காந்திமதி துடைத்த முகம்

வடக்குத்து கிராமத்துக் காந்திமதியின் முகத்தை முழுசாகப் பார்த்தவர்கள் குறைவு. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியைக் கூட்டி அள்ளுகிற கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொள்வாள். மத்தியானம் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அந்தத் துண்டை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்து, நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பாக இழுப்பாள். அதைப் பிழிந்து வருகிற கரியைக் காயவைத்து எரித்தால் ஒரு வேளை சோறு பொங்கலாம் என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். ஒரு தரம் அப்படிப் பொங்கியதாகவும், உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்றும் காந்திமதியே சத்தியம் செய்திருக்கிறாள்.

இந்த முகத்தைத்தான் அடுத்த வீட்டு மேரிசெல்வியின் மகள் மெர்லின் கேட்டு வந்தாள். டவுன்ஷிப் கடைவீதியில் ஒரு மாடியில் அவள் மேக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா, நாளான்னிக்கு பரீட்சை. மணப்பொண்ணு மேக்கப். வரேன்னு சொன்ன பொண்ணு போனையே எடுக்க மாட்டேங்குது. நீங்க வந்து ஒக்காந்தா போதும்."

"ஏண்டி, பேரன் எடுக்குற வயசுல எனக்கு மணப்பொண்ணு வேஷமா? ஒங்க பெரிப்பா பாத்தாருன்னா எவளோ புதுசுன்னு வெத்தல பாக்கு மாத்தக் கெளம்பிடுவாரு."

"சிரிக்காதீங்க பெரிம்மா. இதுல பாஸ் பண்ணாத்தான் கடலூர் பார்லர்ல வேல. அந்த ஒரு எடத்துக்கு இன்னும் ரெண்டு பேரு காத்துக்கினு இருக்காளுங்க."

காந்திமதி லீவு சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மைதான். காந்திமதியின் கல்யாணத்தில் எடுத்த ஒரே போட்டோவில் அவள் தலை குனிந்திருக்கிறாள். தெரிவது வகிடும் கனகாம்பரமும் மட்டும். அந்த வகிடு யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம்.

பரீட்சையன்று காலையிலிருந்து மெர்லின் நின்றபடியே வேலை செய்தாள். மற்றப் பெண்கள் தங்கள் ஆட்களைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பாக்கிக்கொண்டிருக்க, இவள் கறுப்பைக் கறுப்பாகவே மினுக்கினாள். கண்ணுக்கு மை, ஒட்டு இமை, நெற்றிச்சுட்டி, சடை நிறையப் பூ. கடைசியில் கண்ணாடியை நீட்டினாள்.

"யாருடி இது?"

"நீங்கதான் பெரிம்மா."

காந்திமதி வாயைப் பெரிதாகத் திறக்கவில்லை. திறந்தால் அந்த முகம் எழுந்து போய்விடும் போலிருந்தது. "பெருசா ஒரு போட்டோ எடுத்துக் குடுடி. வூட்டுல அந்த வகுட கழட்டிக் கடாசிட்டு இத மாட்டிடறேன்."

"வாங்கி வெச்ச போன மார்க்கு போட்டப்புறந்தான் தருவாங்க. மொதல் போட்டோ ஒங்களுக்குத்தான்."

மதிப்பெண் போடும் அம்மாள் வந்ததும் படிக்கிற பெண்களையெல்லாம் வெளியே நிற்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் அந்தக் கோடி நாற்காலியில் தொடங்கினாள். காந்திமதி இருந்ததோ இந்தக் கோடி. மின்விசிறிக் காற்றில் காந்திமதியின் கண் சொருகியது. விடிவதற்கு முன்பே எழுந்தவள்.

அப்போது சுரங்கத்துச் சங்கு ஊதியது.

மெர்லின் கை துடைத்துவிட்டு வைத்த ஈரத்துண்டு நாற்காலிக் கையில் கிடந்தது. காந்திமதியின் கை யாரையும் கேட்கவில்லை. நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பு. கண்ணைத் திறந்தபோது துண்டில் கம்பளிப்பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. அதை உதறப் போனபோதுதான் அது தன் இமை என்று தெரிந்தது.

"இது யாரோட மாடல்?" என்றாள் அந்த அம்மாள்.

மெர்லின் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் நின்றாள்.

"பாவி, சங்கு ஊதிச்சுடி..." என்று காந்திமதி தொடங்கினாள்.

மெர்லின் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. துண்டை மெதுவாக வாங்கி, "காதோரம் கொஞ்சம் இருக்கு பெரிம்மா" என்று மிச்சத்தையும் துடைத்துவிட்டாள்.

இல்லாத முகத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது? அடுத்த பரீட்சைக்கு வரச் சொன்னார்கள். கடலூர் வேலை காத்திருந்த இருவரில் ஒருத்திக்குப் போனது.

அடுத்த பரீட்சை நெருங்கியபோது காந்திமதி தானாகவே போய் நின்றாள். "கையக் கட்டிப்போட்டுட்டு பண்ணுடி."

"வேணாங்க பெரிம்மா. வேற ஆளு சொல்லிட்டேன்" என்றாள் மெர்லின், சிரித்த முகமாக. வேற்றாளிடம் சொல்வது போன்ற அந்த 'வேணாங்க' காந்திமதிக்குள் முள்ளாய் நின்றது.

சுரங்கத்தில் இந்தக் கதையை அவள் விதவிதமாகச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் அந்த அம்மாள் மயங்கி விழுந்தாள். இன்னொரு நாள் ஒட்டு இமை பறந்துபோய் விசிறியில் உட்கார்ந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மெர்லின் காதோரம் துடைத்துவிட்டதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போதெல்லாம் சங்கு ஊதியதும் மற்றவர்கள் முகம் துடைக்க, காந்திமதி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னாக்கா, தொடைக்கல?"

"இருடி. மார்க்கு போடறவங்க இன்னும் வரல."