எதிர்க்கடையின் மூன்று பொட்டு

பற்றரி விற்பவனுக்கு நேர் எதிரே இன்னொரு பற்றரிக் கடை இருந்தால் அவன் வயிறு எப்படி எரியும் என்பது, புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஓட்டோவில்

என் மனைவி கமலத்தை உயிருடன் கடைசியாகப் பார்த்தது, மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போக அவா ஓட்டோவில் ஏறியபோது. மடியில் சின்ன ரேடியோ. பின்மூடி எப்போதோ தொலைந்துவிட்டதால் ரப்பர் பட்டி போட்டிருந்தா. உள்ளே இரண்டு பற்றரி, இரண்டிலும் மூன்று சிவப்புப் பொட்டு. எதிர்க்கடை ரவியின் பற்றரிகள். முகத்தைப் பார்க்கவேண்டிய நேரத்தில் நான் அந்தப் பொட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவா சிரித்தா.

“கடையைப் பூட்டிப்போட்டு நிக்காதேங்கோ, சனம் எதிர்க்கடைக்குப் போயிடும்.”

வெயில்

தர்மபுரத்து ஐயா ஒருவர், திரும்பத் திரும்ப ஏற்றிப் பாவிக்கும் சார்ஜ் பற்றரிகள் செத்துவிட்டனவென்று கொண்டுவந்தார். விசாரித்தால், தகரக் கூரையில் காயப்போட்டு எடுத்திருக்கிறார். சண்டைக்காலத்தில் சாதாரண பற்றரியை வெயிலில் வைத்துக் கொஞ்சம் உயிர் எடுத்த பழக்கம். சார்ஜ் பற்றரிக்குச் சூடுதான் எமன் என்றேன். ஐயா விடவில்லை.

“தம்பி, வெயிலுக்கே பயந்த பற்றரியை நீ ஏன் வன்னியில விக்கிறாய்? முன்னுக்கு இருக்கிறவனிட்டைக் கேட்டுப்பாக்கிறன்.”

சோடி

சார்ஜ் பற்றரியை வாங்கிய சோடியாகவே பாவிக்கவேண்டும். பழையதையும் புதியதையும் கலந்தால் இரண்டும் கெடும். இதை நான் வாய் நோகச் சொல்லுவேன். ரவி பேசவே மாட்டான். நகப்பூச்சை எடுத்து, முதல் தடவை வாங்கும் சோடிக்கு ஒரு பொட்டு, அடுத்த தடவைக்கு இரண்டு என்று வைத்துக் கொடுப்பான். கமலத்தின் மூன்று பொட்டுக்கு அர்த்தம் இப்போது உங்களுக்கு விளங்கும். பொறுக்காமல் நானும் நீலப் பேனையால் கோடு போட்டேன். என்னிடம் வாங்கிய பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் திரும்பி வந்தா.

“அண்ணை, அவரின்ர சிவப்பு அப்பிடியே இருக்கு. உங்கட நீலம் என்ர விரலில இருக்கு.”

அவசரம்

ரவியின் சார்ஜர் மெதுவானது, நாளைக்கு வா என்பான். கமலம் இருந்த காலத்தில், அவனை வெல்ல நான் அவசரச் சார்ஜர் ஒன்று இறக்கினேன். முல்லைத்தீவில் மீன் ஏற்றும் முஸ்லிம் நானா ஒருவரின் ரோச் லைற் பற்றரிகள் அதில் கொதித்துப்போயின. அவரை ரவியிடம் போக விடக்கூடாதென்று, கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு ஓடி, கமலம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோவில் இருந்து என் கடைப் பற்றரியைக் கழற்றி வந்தேன். அதற்கு முன்பும் அப்படிச் செய்ததுண்டு. நானா வாங்கிப் பார்த்தார்.

“இது நல்லாக் குளிரா இருக்கு. மற்றதில ரெண்டு மீன் பொரிச்சிருக்கலாம்.”

செத்தவீட்டில்

கமலம் திரும்பி வரவில்லை, ரேடியோவை மட்டும் மகள் கொண்டுவந்தாள். செத்தவீட்டுக்கு வந்த ரவி, கதிரையில் இருக்காமல் ஓரமாக நின்றான். எனக்கு அடங்கவில்லை. என் கடையில் இல்லாத எதை அவா உன்னிடம் கண்டா என்று கேட்டுவிட்டேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“அக்கா சொன்னவா அண்ணை, ‘இவரின்ர கடைப் பற்றரி எண்டால் பாதிப் பாட்டில கழட்டிக்கொண்டு போயிடுவார். உன்ர எண்டால் ரோசத்தில தொடமாட்டார்’ எண்டு.”

அந்த மூன்று பொட்டுப் பற்றரிகள் இன்றும் கமலத்தின் ரேடியோவில்தான் இருக்கின்றன, சார்ஜ் இறங்கினால் ஏற்றித்தர ரவிதான் வந்து கழற்றிக்கொண்டு போகிறான்.